ஏஐஎஸ்ஸில் 17.52 லட்சம், வங்கியில் 11.81 லட்சம்: எது என் விற்பனை?

இளம்பிள்ளையில் சேலை வாங்கி மீஷோ, அமேசானில் விற்கிறீர்கள். ஜிஎஸ்டி எண் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைக்கான வருமான வரிக் கணக்கை நீங்களே தாக்கல் செய்யப் பார்க்கும்போது, உங்கள் வரவுகளை வருமான வரித்துறை தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கை 17.52 லட்சம் என்கிறது, வங்கிக்கு வந்ததோ 11.81 லட்சம். திரும்பி வந்த சேலைகள் மட்டும் 3.70 லட்சத்துக்கு. கூடவே, ஏற்காட்டில் மாமனார் பெயரில் உள்ள தோட்டத்துக் காப்பியைப் பொடியாக்கி இன்ஸ்டாகிராமில் விற்கிறீர்கள், அதை விவசாய வருமானம் என்று விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். "எவ்வளவு வரி வரும்?" என்பது உங்கள் கேள்வியின் கடைசி வரி. ஆனால் உங்கள் அளவில் வரி பெரிய விஷயமே இல்லை, பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது எந்தத் தொகையை விற்றுமுதல் என்று எழுதுவது என்பதுதான். அதில் தவறினால்தான் நோட்டீஸ் வரும்.

நேரடியாகச் சொன்னால், 17.52 லட்சமும் உங்கள் விற்றுமுதல் இல்லை, 11.81 லட்சமும் இல்லை. இரண்டாவதை எழுதுவது இரட்டிப்பு ஆபத்து. ஆன்லைன் கடைக்காரர்கள் அதிகம் செய்யும் தப்பும் அதுதான். "கைக்கு வந்த காசுதானே வருமானம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தளம் கமிஷன், கூரியர், விளம்பரச் செலவு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறது. பிடித்தவை உங்கள் செலவு. செலவைக் கழித்த தொகையை விற்பனை என்று காட்டி, அதன் மேல் மறுபடி, பின்னால் சொல்லும் 44ஏடி பிரிவுப்படி, 6 சதவீதத்தை மட்டும் லாபமாகப் போட்டால், ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிறது.

உங்கள் எண்களையே பிரித்துப் பார்ப்போம். 17.52 லட்சம் என்பது ஜிஎஸ்டி நீங்கலான மொத்த ஆர்டர் மதிப்பு. வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவின்படி தளம் உங்கள் மொத்த விற்பனையில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து, அந்த மொத்தத் தொகையை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கிறது. இந்த விகிதம் முன்பு 1 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். உங்கள் கணக்கில் சுமார் 1,752 ரூபாய் நிற்பது இதனால்தான். சேலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதையும் சேர்த்தால் 18.40 லட்சத்துக்குச் சரக்கு போயிருக்கிறது. இதில் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியவை, கதவு தட்டியும் வாங்காமல் ஆர்டிஓவாக (அனுப்பிய இடத்துக்கே திரும்பி) வந்தவை 3.70 லட்சம். மீதி 14.70 லட்சம். அதற்குள் ஜிஎஸ்டி 70,000. ஆக உங்கள் நிகர விற்பனை 14 லட்சம். சேலைக்கு நீங்கள் கணக்கில் எழுத வேண்டிய தொகை இதுதான்.

இப்போது 14.70 லட்சத்திலிருந்து வங்கித் தொகைக்கு இறங்கி வர முடிகிறதா என்று பாருங்கள். இந்த இறக்கம் சரியாக உட்கார்ந்தால்தான் மேலே போட்ட கணக்கு சரி என்று அர்த்தம். கமிஷன், கூரியர், ரிட்டர்ன் கட்டணம், விளம்பரம் எல்லாம் அதன் ஜிஎஸ்டியோடு 2.40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இது நான் ஊகித்த தொகை, உங்கள் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் சரியான எண் இருக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி பிடிக்கும் டிசிஎஸ், நிகர விற்பனையில் 0.5 சதவீதம், 7,000. வருமான வரி டிடிஎஸ் 1,752. மார்ச் கடைசி வாரத்தில் விற்று ஏப்ரலில் வந்த பணம் 40,000. இவை நான்கையும் கழித்தால் 11,81,248 வருகிறது. உங்கள் எண்ணில் சில நூறு ரூபாய் இடித்தால் பரவாயில்லை. இருபதாயிரம், முப்பதாயிரம் இடித்தால் ஏதோ ஒரு மாத ரிப்போர்ட் விடுபட்டிருக்கும், அல்லது தொலைந்த பார்சலுக்குத் தளம் தந்த இழப்பீடு நடுவில் உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

இதற்கு ஒவ்வொரு தளத்திலும் இரண்டு ரிப்போர்ட் வேண்டும். ஒன்று பேமென்ட் அல்லது செட்டில்மென்ட் ரிப்போர்ட், இன்னொன்று மாதாந்திர ஜிஎஸ்டி ரிப்போர்ட். முதலாவது பணம் வந்த தேதிப்படி ஓடும், இரண்டாவது பில் தேதிப்படி ஓடும். இரண்டையும் கலந்தால் கணக்கு என்றைக்கும் ஒட்டாது. விற்பனைக்கு ஜிஎஸ்டி ரிப்போர்ட்டையும் செலவுக்குச் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டையும் எடுங்கள். மார்ச்சில் அனுப்பி ஏப்ரலில் திரும்பிய சேலைக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) ஏப்ரலில்தான் வரும், அது அடுத்த ஆண்டுக் கணக்கு. இழுத்து இந்த ஆண்டில் போட வேண்டாம். ரிப்போர்ட்டுகளை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடை கணக்கு முடங்கினால் உள்ளே நுழைந்து எடுக்கவே முடியாமல் போகலாம்.

இந்த 14 லட்சமும், பின்னால் சொல்லும் இன்ஸ்டாகிராம் விற்பனையும் சேர்ந்த தொகை, உங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியின் பன்னிரண்டு மாதக் கூட்டலோடும் ஒத்துப்போக வேண்டும். ஜிஎஸ்டி விற்றுமுதலும் ஏஐஎஸ்ஸில் வந்து உட்கார்ந்துவிடுவதால், அந்த இரண்டு துறையும் பேசிக்கொள்ளாது என்று நினைக்க இனி இடமில்லை. 3பியில் திரும்பி வந்த சரக்கைக் கழிக்காமல் மொத்தத்துக்கும் வரி கட்டியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். ஏஐஎஸ்ஸின் 17.52 லட்சம் உங்கள் 14 லட்சத்தோடு ஒட்டவில்லையே என்று பயப்பட வேண்டாம். அது தளம் சொன்ன மொத்தத் தொகை. வித்தியாசத்துக்குத் திரும்பி வந்த சரக்கின் பட்டியல் கையில் இருந்தால் போதும். ஏஐஎஸ்ஸிலேயே அந்தப் பதிவுக்குக் கருத்து தெரிவிக்கும் வசதி இருக்கிறது, அதையும் பயன்படுத்தலாம். ஆனால் கருத்து போட்டதும் எண் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நடுவே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிடிஎஸ் 1,752 என்பது வருமான வரி. வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும், வருமான வரி ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். டிசிஎஸ் 7,000 ஜிஎஸ்டியைச் சேர்ந்தது. அதை 26ஏஎஸ்ஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஜிஎஸ்டி தளத்தில் டிடிஎஸ், டிசிஎஸ் வரவை ஏற்கும் படிவம் தனியாக இருக்கிறது, அதில் போய் ஏற்றுக்கொண்டால் உங்கள் கேஷ் லெட்ஜரில் வந்து சேரும். அடுத்த ஜிஎஸ்டி கட்டும்போது அதையே பயன்படுத்தலாம். சின்னக் கடைக்காரர்கள் நிறையப் பேர் இதைச் செய்யாமலே விட்டு, சொந்தப் பணத்தை அங்கே கிடக்க விடுகிறார்கள்.

இனி லாபம். 44ஏடி பிரிவில் போகலாம். விற்றுமுதல் 2 கோடிக்குள் உள்ள தனிநபர், கணக்குப் புத்தகம் இல்லாமலே, வங்கி வழியாகவும் யுபிஐ வழியாகவும் வந்த விற்பனையில் 6 சதவீதத்தையும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 3 கோடி. வாடிக்கையாளர் கேஷ் ஆன் டெலிவரியில் டெலிவரி பையனிடம் நோட்டாகக் கொடுத்திருந்தாலும், தளம் உங்களுக்கு அனுப்புவது வங்கி வழியாகத்தான், அதனால் அதற்கும் 6 சதவீதம். வீட்டுக்கு வந்து பார்த்து வாங்கிக் கையில் காசு கொடுத்தவர்களுக்கு 8. உங்கள் 14 லட்சத்துக்கு 6 சதவீதம் என்றால் 84,000.

ஆனால் 84,000 என்று போடாதீர்கள் என்பதே என் கருத்து. 6 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அதைக் காட்ட வேண்டும். விற்ற சேலைகளின் கொள்முதல் 8.60 லட்சம், தளச் செலவு ஜிஎஸ்டி நீங்கலாகச் சுமார் 2.03 லட்சம், கவர், அட்டைப்பெட்டி, டேப், லேபிள் வகையில் 40,000 என்று கொண்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 2.97 லட்சம். இதைக் காட்டினாலும் உங்களுக்கு வரி பூஜ்யம். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது, 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி வரியை இல்லாமல் ஆக்கிவிடும். அப்படியிருக்க 84,000 என்று சுருக்கிக் காட்டி என்ன லாபம்? நாளைக்குக் கடை விரிவுபடுத்த முத்ரா கடனுக்குப் போனால் வங்கி மேனேஜர் கேட்பது இந்த ரிட்டர்னைத்தான். ஆண்டுக்கு 84,000 சம்பாதிப்பவருக்கு எவ்வளவு தருவார்? வீட்டுச் செலவு, நகைச்சீட்டு, வண்டித் தவணை எல்லாம் அந்த 84,000க்குள் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டாலும் பதில் இருக்காது.

"வரியே இல்லையென்றால் ரிட்டர்ன் எதற்கு?" என்று அடுத்துத் தோன்றும். வருமானம் 4 லட்சத்துக்குள், விற்றுமுதல் 60 லட்சத்துக்குள் என்றால் பெரும்பாலும் கட்டாயமில்லை. ஆனால் போடாவிட்டால் 1,752 திரும்ப வராது, ஏஐஎஸ்ஸில் 17.52 லட்சம் விற்பனை கேட்பாரற்று நிற்கும். போட்டுவிடுங்கள்.

44ஏடியில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவது, இந்த ஆண்டு இதில் நுழைந்துவிட்டு அடுத்த ஐந்து ஆண்டுக்குள் ஏதோ ஓர் ஆண்டு 6 சதவீதத்துக்கும் குறைவாகக் காட்டி வெளியே வந்தால், அதன்பின் ஐந்து ஆண்டு திரும்ப நுழைய முடியாது. வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் வேண்டும். இரண்டாவது, கமிஷன் வருமானம். வாட்ஸ்அப்பில் படம் போட்டு ஆர்டர் பிடித்து, மொத்த வியாபாரியே நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பும் முறை நம் பக்கம் நிறைய நடக்கிறது. பில் உங்கள் பெயரில் போனால் நீங்கள் வியாபாரி. மொத்த வியாபாரி தன் பெயரில் பில் போட்டு, சேலைக்கு ஐம்பதோ நூறோ உங்களுக்குத் தந்தால் அது கமிஷன். கமிஷன் சம்பாதிப்பவருக்கு 44ஏடி கிடையாது. 26ஏஎஸ்ஸில் 194எச் (கமிஷனுக்கான டிடிஎஸ்) என்று ஒரு பதிவு தெரிந்தால், 44ஏடிக்கான ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-4ஐ நீங்களாகப் போடாமல் ஓர் ஆடிட்டரிடம் காட்டுங்கள். சொந்தச் சரக்கும் விற்று, கொஞ்சம் கமிஷனும் வாங்கும் ஒருவருக்குச் சொந்தச் சரக்குக்கு மட்டுமாவது 44ஏடி உண்டா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சட்ட வாசகத்தைக் கண்டிப்பாகப் படித்தால் இல்லை என்றுதான் வரும்.

கருத்து வேறுபாடுள்ள இன்னொன்று, விற்றுமுதலில் ஜிஎஸ்டியைச் சேர்ப்பதா, விடுவதா என்பது. வசூலித்த ஜிஎஸ்டியைத் தனியாகக் கணக்கு வைத்தால் சேர்க்க வேண்டியதில்லை என்பதுதான் நடைமுறையில் பெரும்பாலோர் செய்வது. சேர்க்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. உங்களுக்கு அதனால் வரும் வித்தியாசம் 70,000த்தில் 6 சதவீதம், 4,200 ரூபாய். நீங்கள் உண்மை லாபத்தையே காட்டப் போவதால் அதுவும் இல்லை. ஜிஎஸ்டி நீங்கலாக எழுதி, ஆண்டுதோறும் அதே வழியில் போங்கள்.

காப்பிக்கு வருவோம். தோட்டத்தில் விளைந்தது என்பதற்காக எல்லாம் விவசாய வருமானம் ஆகிவிடாது. காப்பிக்கென்றே வருமான வரி விதிகளில் 7பி என்ற விதி இருக்கிறது. விளைவித்தவரே கியூரிங் செய்து (காயவைத்துத் தோல் நீக்கிப் பதப்படுத்தி) விற்றால் லாபத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம். அவரே வறுத்து அரைத்தும் விற்றால், சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும், 40 சதவீதம் தொழில் வருமானம், மீதி 60 விவசாயம். தோட்டக் கூலி, உரம், வறுவல், பாக்கெட் செலவெல்லாம் போக மிஞ்சும் லாபத்தைத்தான் இப்படிப் பிரிக்க வேண்டும், விற்பனைத் தொகையை அல்ல. 80,000 மிஞ்சினால் 32,000 தொழில், 48,000 விவசாயம். கியூரிங் செய்யாமல் பழமாகவோ பார்ச்மென்டாகவோ (மேல்தோலோடு உலர்ந்த கொட்டையாகவோ) விற்றால் முழுவதும் விவசாய வருமானம். மிளகைப் பறித்துக் காயவைத்து முழு மிளகாக விற்பதும் அப்படியே. மிளகுத்தூளாக அரைத்து விற்றால், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக அந்த அரைவை அவசியமானதா என்ற கேள்வி எழும், அங்கே உறுதியாகச் சொல்ல முடியாது. வறுத்து அரைக்கும் வேலையை டவுனில் ஒரு மில்லில் கூலிக்குக் கொடுத்தால் "விற்பவரே செய்தார்" என்று ஆகுமா என்பதும் வாதத்துக்குரியதுதான்.

ஆனால் உங்கள் நிலையில் இந்த விதியே உங்களுக்கு உதவாது. தோட்டம் மாமனாருடையது, விளைவித்தவர் அவர். விற்பவர் நீங்கள். விளைவித்தவரும் விற்பவரும் ஒருவராக இருந்தால்தான் 7பி. உங்களைப் பொறுத்தவரை காப்பிப்பொடியும் சேலை மாதிரி வாங்கி விற்கும் சரக்குதான். முழுவதும் தொழில் வருமானம். இதைச் சுத்தமாகச் செய்ய ஒரு வழி உண்டு. மாமனார் கியூரிங் செய்யாத காப்பியை, அன்றைய ஏற்காட்டு விலைக்கு உங்களுக்கு விற்கட்டும். எடை, விலை, தேதி எழுதிய ஒரு ரசீது, பணம் வங்கி வழியாக. அவருக்கு அது விவசாய வருமானம், உங்களுக்குக் கொள்முதல். அதன்பின் வறுப்பதும் அரைப்பதும் விற்பதும் உங்கள் தொழில், 44ஏடியில் சேலையோடு சேர்ந்து போகும். குடும்பத்துக்குள் தானே என்று விலையை இஷ்டத்துக்கு ஏற்றி லாபத்தையெல்லாம் அவர் பக்கம் தள்ளாதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர் அதே வாரம் என்ன விலைக்குப் போட்டார் என்பதுதான் அளவுகோல்.

பொடியை அவரே அவர் பெயரில் விற்றால் 7பி அவருக்குப் பொருந்தும். அப்போது ஐடிஆர்-4 போட முடியாது. 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருந்தாலே அந்தப் படிவம் கிடையாது, ஐடிஆர்-3க்குப் போக வேண்டும். அவருக்குப் பென்ஷன் போல வேறு வருமானம் வரம்புக்கு மேல் இருந்தால், வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானமும் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்ஸ்டாகிராம் விற்பனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஜிஎஸ்டி எண் எடுத்தபின், தளத்தில் விற்றதற்கு மட்டும் பில், யுபிஐயில் வந்ததற்கு இல்லை என்று பிரிக்க முடியாது. ஒரே பான், ஒரே எண், எல்லா விற்பனையும் அதற்குள் வரும். வறுத்த காப்பிக்கும் 5 சதவீதம். அந்தப் பணம் சொந்த சேமிப்புக் கணக்குக்கு வந்து, ஏலச்சீட்டுப் பணத்தோடும் அண்ணன் அனுப்பிய பணத்தோடும் கலந்து கிடந்தால் ஆண்டுக் கடைசியில் பிரிப்பது பெரும்பாடு. கடைக்கென்று ஒரு கணக்கும் ஒரு யுபிஐ ஐடியும் இன்றைக்கே தனியாக வைத்துவிடுங்கள்.

படிவத்தில் பலர் பூஜ்யம் போட்டுத் தாண்டிவிடும் பகுதி ஒன்று உண்டு. ஐடிஆர்-4இல் 44ஏடி காட்டுபவர் மார்ச் 31 அன்றைய கொடுக்க வேண்டியவை, வர வேண்டியவை, சரக்கு இருப்பு, கையிருப்பு ரொக்கம் நான்கையும் நிரப்ப வேண்டும். தளத்திலிருந்து ஏப்ரலில் வந்த 40,000 "வர வேண்டியவை". மொத்தக் கடைக்குத் தர வேண்டிய பாக்கி "கொடுக்க வேண்டியவை". சரக்குக்கு பீரோவையும் மூட்டையையும் பிரித்து, வாங்கிய விலைப்படி எண்ணுங்கள். ரிட்டர்னில் கறைபட்டு வந்த சேலைகளைத் தனியே வைத்து, போகக்கூடிய விலைக்கு மட்டும் மதிப்பிடுங்கள். காப்பி அறுவடை குளிர்காலத்தில் முடிவதால் மார்ச் 31இல் காப்பி இருப்பு ஆண்டிலேயே அதிகமாக இருக்கும், அதை விட்டுவிட்டால் லாபமே மாறிப்போகும்.

பழைய வரி முறைக்குப் போக நினைத்தால் தொழில் வருமானம் உள்ளவர் 10-ஐஇஏ படிவத்தைக் கெடு தேதிக்குள் போட வேண்டும். உங்களுக்கு அதற்குத் தேவையே இல்லை. பின்னாளில் ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால், 44ஏடிக்காரர் முன்வரி முழுவதையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். தாக்கல் செய்யும் கடைசித் தேதியை வருமான வரித் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், 2025இல் அதைச் செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் அடுத்த ஆண்டுக் கணக்கில் பிரிவு எண்கள் மாறியிருக்கும். மேலே நான் சொன்ன எண்களெல்லாம் 1961 சட்டத்தின்படி, இந்த ஆண்டுக்கு உரியவை.

ஜிஎஸ்டி நோட்டீஸோ வருமான வரி நோட்டீஸோ ஏற்கெனவே வந்திருந்தால் நான் மேலே சொன்னதை வைத்துப் பதில் எழுத வேண்டாம். அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் யாரும் சரியாகச் சொல்ல முடியாது. வரவில்லையென்றால், ரீஃபண்டுக்கான வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைத்து, தாக்கல் செய்த அன்றே ஆதார் ஓடிபி வழியாக இ-வெரிஃபை செய்துவிடுங்கள். 30 நாளுக்குப் பின் செய்தால், வெரிஃபை செய்த தேதியே தாக்கல் செய்த தேதியாகும், அது கெடு தேதியைத் தாண்டினால் காலத்தில் போட்ட ரிட்டர்னாக நிற்காது.